வெள்ளமும் கிணறும்: 1924ஆம் ஆண்டு

அரசர்தம் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் நிரல்படக் கூறுவதே வரலாறு என்று பள்ளியில் பயின்றோம். உழுதும் நட்டும் அறுத்தும் வாழ்ந்தவர்களின் ஆண்டுகளை எழுதிவைத்தோர் சிலரே. நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், தம் முன்னோர் வாழ்ந்த ஓர் ஆண்டினை மட்டும் எடுத்துக்கொண்டு, உலகையும் ஊரையும் ஒருசேர வைத்துக் காண்பது நம் இளைஞர்க்குப் பெரும்பயன் தரும் எனக் கருதுகிறோம். அவ்வாண்டு 1924.

அவ்வாண்டு சனவரி 21ஆம் நாள் உருசியப் புரட்சியின் தலைவர் லெனின் மறைந்தார். மறுநாள் இங்கிலாந்தில் ராம்சே மக்டொனால்டு தலைமையில் முதலாவது தொழிற்கட்சி அமைச்சரவை பதவியேற்றது. பிப்ரவரியில் காந்தியடிகள் சிறையினின்று விடுதலை பெற்றார். மார்ச்சுத் திங்களில் துருக்கி, கிலாபத்துப் பதவியை ஒழித்தது. பழைய அதிகாரங்கள் பலவும் ஆட்டங்கண்ட காலம் அது. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சியின் பனகல் அரசர் முதலமைச்சராக இருந்தார்.

தஞ்சைத் தரணியில் நம் மக்களின் நிலை யாது? நன்செய் நிலங்களில் பெரும்பகுதி மிராசுதார்கள், கோயில்கள், மடங்கள் ஆகியோர் வசம் இருந்தது. பண்ணையாளுக்குக் கூலி நெல்லாக மரக்காலில் அளக்கப்பட்டது. அவன் குடியிருந்த மனையும் பெரும்பாலும் மிராசுதாருடையதே. ஆகவே எதிர்த்து ஒரு சொல் சொன்னால் வேலையோடு குடிசையும் போகும். வறுமை தாளாது நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றவர் பலர். ஊரில் இருந்தவர்களோ வாய்க்கால் வெட்டினர்; கரை கட்டினர்; மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சினர். அந்தக் கைகள் ஊர்ப் பொதுக்கிணற்றில் ஒரு குடம் நீர் மொள்ளலாகாது என்பதே அன்றைய வழக்கம்.

அவ்வாண்டு பிப்ரவரி 18ஆம் நாள் காவிரி நீர் குறித்து மைசூர் அரசும் சென்னை அரசும் உடன்படிக்கை செய்துகொண்டன. கண்ணம்பாடியில் மைசூரும் மேட்டூரில் சென்னையும் அணை கட்டிக்கொள்ள அதனால் வழி பிறந்தது. 1925இல் தொடங்கிய மேட்டூர் அணைப் பணி 1934இல் நிறைவுற்றது. அதன் நீர்மட்ட உயரம் 120 அடி. அவ்வணையால் புதிதாக ஏறத்தாழ 3 லட்சம் ஏக்கர் பாசனம் பெறத் திட்டமிடப்பட்டது. நீரும் நிலமும் நுணுக்கமாகக் கணக்கிடப்பட்ட அவ்வேற்பாட்டில், சேற்றில் நின்று பயிர் செய்தவனுக்குப் பங்கு என்ன என்ற கேள்வி எழவே இல்லை.

மார்ச்சு 30ஆம் நாள் திருவிதாங்கூரில் வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கியது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடக்கும் உரிமைக்காக எழுந்த அறப்போர் அது. தமிழ்நாட்டிலிருந்து சென்று அதற்குத் தலைமை ஏற்ற பெரியார் ஈ.வெ.இராமசாமி இருமுறை சிறைப்பட்டார். சூலைத் திங்களில் மலையாள நாட்டில் மழை இடைவிடாது கொட்டியது. கொல்லம் ஆண்டு 1099 ஆதலின் அதனை இன்றும் அந்நாட்டார் ‘தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்’ என்பர். பெருகிய வெள்ளத்திலும் தடுப்பு வேலியின் முன் சத்தியாக்கிரகிகள் நீருக்குள்ளேயே நின்றனர்.

அதே பருவமழைதான் குடகு மலையில் பொழிந்து காவிரியில் இறங்கியது. பின்னர் அணை எழுந்த மேட்டூர்ப் பகுதியில் நொடிக்கு ஏறத்தாழ நாலரை லட்சம் கன அடி நீர் பாய்ந்ததாகக் கணக்கிட்டுள்ளனர். காவிரியும் கொள்ளிடமும் கரையுடைத்தன, வயல்கள் வெள்ளக்காடாயின. வெள்ளம் சாதி பார்ப்பதில்லை என்பர். ஆயின், ஊரின் தாழ்ந்த பகுதியில் யாரைக் குடிவைப்பது என்பதைச் சாதி முன்னரே தீர்மானித்திருந்தது. மண்சுவர்க் குடிசைகள் மேட்டுத் தெருவின் கல்வீடுகளைப் போல நீரைத் தாங்குமோ?

வெள்ளம் சூழ்ந்த அதே சூலையில், 20ஆம் நாள், பம்பாயில் டாக்டர் அம்பேத்கர் ‘பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை’யை நிறுவினார். ஒடுக்கப்பட்டோரிடையே கல்வி பரப்புதல், விடுதிகளும் நூலகங்களும் அமைத்தல் என்பன அதன் நோக்கங்களுள் முதன்மையானவை. ஆகஸ்டு 22ஆம் நாள் சென்னைச் சட்டமன்றத்தில் நம் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் கொணர்ந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை எவ்வகுப்பினரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பதே அதன் கருத்து. செப்டம்பர் 25ஆம் நாள் அரசு அதனை ஆணையாக வெளியிட்டது.

ஆணை பிறந்தது, கிணறு திறந்ததா? உடனே திறக்கவில்லை. பம்பாய் மாகாணத்து மகாட் நகராட்சியும் அவ்வாண்டே தன் குளத்தை யாவர்க்கும் பொது என அறிவித்தது. எனினும் 1927 மார்ச்சு 20ஆம் நாள் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு சென்றே அந்நீரைப் பருக வேண்டியிருந்தது. அதற்காக அவர்கள் தாக்கப்பட்டனர். சென்னை மாகாணத்தில் எம்.சி. இராஜாவின் முயற்சியால் 1938இல் குடிமை உரிமைத் தடைகளை நீக்கும் சட்டம் தனியே வேண்டியிருந்தது. தஞ்சைப் பண்ணையாளுக்குச் சட்டப் பாதுகாப்பு 1952இல்தான் கிட்டியது. அதன் பின்னரும் 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழவெண்மணியில் நம் மக்கள் 44 பேர் தீக்கிரையாயினர்.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்று. எழுதப்பட்ட உரிமை தானே நடந்து ஊருக்குள் வந்துவிடாது. அதனைப் படித்தறிவோரும், அறிந்து கேட்போரும், கேட்பவர் பின்னே திரண்டு நிற்போரும் வேண்டும். 1924ஆம் ஆண்டின் ஆணையைக் கையிலெடுத்துப் படிக்க வல்லார் நம் சேரிகளில் மிகச் சிலரே. கொள்ளிடத்திற்கு வடக்கே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியதும், பிற்காலத்தில் ஆங்காங்கே நம் சங்கம் போன்ற கல்விச் சங்கங்கள் தோன்றியதும் இக்குறையை நீக்குதற்கே அன்றோ?

இளைஞர்களே! நும் ஊர்ப் பொதுக்கிணற்றில் நம்மவர் முதன்முதல் நீர் மொண்டது எந்த ஆண்டில்? தடுத்தவர் யார்? துணிந்து சென்றவர் யார்? முதியோர் நம்மிடையே உள்ளபோதே கேட்டு, நாளும் பெயரும் குறித்து எழுதிவையுங்கள். ஆணை பிறந்த நாள் அரசு ஏட்டில் உள்ளது. அது நும் ஊரில் நடைமுறைக்கு வந்த நாளை எழுத வேண்டியவர் நீவிரே.