கண்டி மேட்டுநிலம்

இலங்கையின் மத்திய மலைநாட்டில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் உள்ள நிலப்பகுதி. தெற்கே ஹந்தானை மலைத்தொடர். வடகிழக்கே 1,800 மீட்டரைத் தாண்டும் நக்கிள்ஸ் மலைகள். மேற்கே தாழ்நிலத்தை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் கடுகண்ணாவைச் சரிவு.

இங்குள்ள பாறைகளில் பெரும்பகுதி ‘உயர்நிலத் தொகுதி’யைச் சேர்ந்தது. ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த மணலும் களியும் சுண்ணாம்பும், கோண்டுவானா கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், அதாவது 60 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் ஆழத்தில் வெந்து நசுங்கி உருமாறின. மணல் குவார்ட்சைட் ஆனது, சுண்ணாம்பு பளிங்காயிற்று, களி, சிவந்த கார்னெட் மணிகள் பொதிந்த நைஸ் பாறையாயிற்று. இவற்றோடு சார்னோக்கைட்டும் கலந்து கிடக்கிறது. சென்னைப் பல்லாவரத்தில் உள்ளதும் இதே வகைப் பாறைதான். இந்தியா, இலங்கை ஆகிய இரு கரைகளும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன என்பதற்கு இதைவிடக் கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று வேண்டியதில்லை. கண்டி நகருக்கு மேற்கே ஹோர்ன்பிளெண்ட், பயோட்டைட் நைஸ்களாலான கடுகண்ணாவைத் தொகுதி தனியாக வகுக்கப்படுகிறது.

தீவின் நிலம் மூன்று படிகளாக உயர்வதை நிலவியலாளர் எஃப். டி. ஆடம்ஸ் 1929இல் விளக்கினார், 1940களில் டி. என். வாடியா அதை வேறு கோணத்தில் ஆராய்ந்தார். படிகள் உருவானது அரிப்பாலா, நிலம் துண்டு துண்டாக மேலெழுந்ததாலா என்ற வழக்கு அன்றே தொடங்கியது. கண்டி நடுப்படியில் இருக்கிறது. கடினமான குவார்ட்சைட்டும் சார்னோக்கைட்டும் முகடுகளாக நிற்க, மழைநீரில் கரையும் பளிங்கு பள்ளங்களாகத் தாழ்ந்தது. திகனைப் பக்கம் அந்தப் பளிங்கை வெட்டிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள்.

335 கி.மீ. நீளமுள்ள மகாவலி கங்கை பேராதனையில் வடக்கே திரும்பி, கட்டுகஸ்தோட்டையில் கிழக்கே வளைந்து, பொல்கொல்லையைக் கடந்து தென்கிழக்கே இறங்குகிறது. நகரின் மூன்று பக்கமும் ஆறு. எஞ்சிய பக்கம் மலை. கண்டி அரசு போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் பணியாமல் நின்றதில் இந்த அமைப்புக்கு மன்னர்களின் வீரத்துக்குச் சமமான பங்குண்டு. 1803 ஜூனில் சரணடைந்து வெளியேறிய பிரித்தானியப் படை, வட்டாப்புளுவையில் பெருகி ஓடிய ஆற்றைக் கடக்க முடியாமல் அகப்பட்டு அழிந்தது. 1815இல் பிரதானிகளின் துணை கிடைத்த பிறகே கண்டி அரசு வீழ்ந்தது.

பௌத்தம் தோன்றிய மகதம், ராஜகிரகக் குன்றுகள் போன்ற சில இடங்கள் தவிர, பெரும்பாலும் ஆறுகள் கொட்டிய வண்டல் சமவெளி. மன்னன் முதலாம் விமலதர்மசூரியன் காலத்தில் புத்தரின் தந்ததாது (பல்) வந்து சேர்ந்த கண்டியோ அதற்கு நேர்மாறான பழம்பாறை நாடு. அத்தாது வைக்கப்பட்டுள்ள தலதா மாளிகை முன்னுள்ள வாவி இயற்கையானதல்ல. பள்ளத்தாக்கின் வயலை அணைகட்டித் தேக்கும் வேலையை மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1807இல் தொடங்கினான்.

இரு பருவமழைகளும் இங்கு பெய்கின்றன. ஈரத்தில் பாறை மக்கி, தடித்த செம்மண் போர்வையாகச் சரிவுகளில் படிந்திருக்கிறது. தேயிலைக்கு உகந்த மண்தான். ஆனால் அடைமழையில் ஊறிவிட்டால் அடிப்பாறையிலிருந்து வழுக்கிவிடும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைப் பறித்தன. நில அதிர்வு இங்கு அரிது. இருப்பினும் 2020 ஆகஸ்ட் இறுதியில் திகனை அருகே சிறு அதிர்வுகள் உணரப்பட்டன. பக்கத்திலேயே 122 மீட்டர் உயர விக்டோரியா அணை இருப்பதால், நீர்த்தேக்கத்தின் எடையா, சுண்ணப்பாறைக் குடைவா, புவித்தட்டின் அழுத்தமா எனக் காரணம் பற்றிப் பல கருத்துகள் எழுந்தன.