மிளகுப் பெடியன்

கொப்பன்ஹேகன் நகரின் நடுவே ஹொய்புறோ என்றொரு சதுக்கம் உண்டு. நகரைத் தோற்றுவித்தவர் எனச் சொல்லப்படும் அப்சலோன் ஆயர் அங்கே கையில் கோடரியோடு குதிரைமேல் அமர்ந்திருப்பார். ஆயருக்கு எதற்குக் கோடரி என்று முதன்முதல் பார்த்தபோது யோசித்திருக்கிறேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்த இரண்டு தொழிலையும் ஒருவரே பார்க்க முடிந்திருக்கின்றது.

2024 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, யூலாந்திலிருந்து ரயிலேறிப் போய், அக்காவின் மகனோடு அந்தச் சதுக்கத்தில் நின்றேன். நத்தார்ச் சந்தை போட்டிருந்தார்கள். மரத்தாலான சின்னச் சின்னக் கொட்டில்கள், அவற்றின் கூரைகளில் ஊசியிலைக் கொப்புகள், சட்டியில் சீனி கருகக் கிண்டும் பாதாம் பருப்பு, கறுவாவும் கராம்பும் தோடம்பழத் தோலும் போட்டுச் சூடாக்கிய சிவப்பு வைன். அந்தக் குளிரில் மூக்கு ஒன்றுதான் உயிரோடு இருந்தது. அதற்கு எட்டியதெல்லாம் அம்மா ஏலக்காய் தட்டிப் போட்டுப் பலகாரம் செய்யும் நாளின் வாசனை.

மருமகன் இங்கே பிறந்தவன். தமிழ் நன்றாகவே பேசுவான். கோபம் வந்தால் மட்டும் டெனிஷ்.

"உதெல்லாம் எங்கட சாமான்தானே மாமா? எங்களிட்டை இருந்து கொண்டுவந்து எங்களுக்கே விக்கிறாங்கள்" என்றான்.

இதை நான் எத்தனையோ ஒன்றுகூடல்களில் கேட்டிருக்கிறேன். கேட்கச் சுகமான பேச்சுத்தான். ஆனால் அரைவாசிதான் உண்மை. மற்ற அரைவாசியைப் பற்றித்தான் அன்று முழுவதும் கதைத்துக்கொண்டு நடந்தோம்.

முதலில் இந்தச் சந்தையை எடுத்துக்கொள்வோம். காலங்காலமாக இங்கே நடந்து வருவது போன்ற தோற்றம் அதற்கு இருக்கின்றது. மரக்கொட்டில்கள் போட்டு நத்தார்ச் சந்தை வைப்பது ஜெர்மனியர் வழக்கம். திறெஸ்டன் நகரத்துச் சந்தை 1434இல் தொடங்கியது. கொப்பன்ஹேகனின் பேர்பெற்ற ரிவோலிப் பூங்கா 1843இல் திறக்கப்பட்டது. அது நத்தாருக்கென்று கதவைத் திறந்ததோ 1994இல்தான். எம்மவரில் பலர் அந்தச் சந்தைக்கு முன்பே இந்த நாட்டுக்கு வந்துவிட்டார்கள்! நத்தார் மரமும் பழையதன்று. டென்மார்க்கில் அது முதன்முதல் ஒரு பிரபுவின் மாளிகையில் 1808இலும், கொப்பன்ஹேகன் வீடொன்றில் 1811இலும் ஏற்றப்பட்டது. அதுவும் ஜெர்மனியிலிருந்து வந்த பழக்கமே. கிறிஸ்துவுக்கு முந்திய பழைய சொல்லைத்தான் இவர்கள் இன்றும் இந்த விழாவுக்கு வைத்திருக்கிறார்கள்: யூல். எங்கள் நத்தாரும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல்தானே. ஆருடைய பண்டிகையிலும் ஆரோ வந்து போன தடம் கிடக்கின்றது.

சதுக்கத்தோடு ஒட்டியிருப்பது அமாகர்த் தெரு. அமாகர்த் தீவிலிருந்து வந்து மரக்கறி விற்றவர்களால் வந்த பெயர். அவர்கள் ஒல்லாந்தர். நல்ல மரக்கறி செய்யத் தெரிந்தவர்கள் என்று 1521இல் இரண்டாம் கிறிஸ்தியான் மன்னன் அழைத்துக் குடியேற்றினான். தங்கள் உடுப்பு, தங்கள் வழக்கம், தங்கள் மொழியில் கோயிற் பூசை என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். 'ஒருங்கிணைவு' பற்றி எங்களுக்கு வகுப்பெடுப்பவர்கள் இவர்களைப் பற்றி ஏனோ சொல்வதில்லை.

வாய்க்காலைக் கடந்து இடப்பக்கம் திரும்பினால் பழைய வாணிப மண்டபம். நான்கு பறவைநாகங்கள் வாலை முறுக்கிக்கொண்டு மேலே எழும் அதன் கோபுரம் 2024 ஏப்ரல் 16இல் தீப்பற்றி விழுந்ததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். நாங்கள் போன அன்று சாரங்கட்டி மூடி வைத்திருந்தார்கள். நான்காம் கிறிஸ்தியான் மன்னன் கட்டத் தொடங்கிய மண்டபம் அது. அதே மன்னன்தான் 1616இல் கிழக்கிந்தியக் கம்பனிக்குச் சாசனம் கொடுத்தவன்.

அந்தக் கம்பனியின் முதற் கப்பல்கள் 1618இல் புறப்பட்டது தமிழ்நாட்டுக்கு அல்ல, இலங்கைக்கு. கண்டி அரசனின் தூதன் என்று சொல்லிக்கொண்டு மார்செலிஸ் டி பொஸ்ஹூவர் என்ற ஒல்லாந்தன் கொப்பன்ஹேகனுக்கு வந்து கறுவா வாணிபத்தைக் காட்டி ஆசையூட்டியிருந்தான். ஓவ கியெட என்ற இளம் பிரபு தலைமை தாங்கினான். தூதன் வழியிலேயே செத்துப்போனான். கப்பலில் வந்தவர்களும் பலர் இறந்தார்கள். 1620இல் கரை சேர்ந்தபோது, அப்படியோர் உடன்படிக்கையைத் தான் ஏற்கப்போவதில்லை என்று செனரத் மன்னன் கையை விரித்துவிட்டான். திருகோணமலையில் டேனியர் கோட்டை கட்டத் தொடங்கியதும் இடையில் நின்றது. முன்னே போன கப்பலொன்று காரைக்கால் அருகே போர்த்துக்கேயரிடம் அடிபட, தப்பிக் கரையேறிய ரோலன்ட் கிறாப்பே தஞ்சை நாயக்கனிடம் போய்ச் சேர்ந்தான். அந்த விபத்தின் வழியே கிடைத்ததுதான் தரங்கம்பாடி. 1620 நவம்பரில் உடன்படிக்கை. இரகுநாத நாயக்கன் அனுப்பிய பொன்னோலை இன்றும் கொப்பன்ஹேகனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றது: தமிழில் எழுதி, தெலுங்கிற் கையொப்பம் இட்டது.

"அப்ப மிளகு?" என்றான் மருமகன்.

தஞ்சாவூரில் மிளகு விளைவதில்லை, தம்பி. தரங்கம்பாடியிற் கிடைத்தது துணி. அந்தத் துணியைக் கிழக்கே கொண்டுபோய் மக்கசாரில் கராம்புக்கும், பின்னாளில் யாவாவின் பந்தத்தில் மிளகுக்கும் மாற்றினார்கள். ஆகவே இந்த வைனில் மணக்கும் கராம்பில் எங்கள் பங்கு இருக்குமானால், அது தோட்டக்காரன் பங்கல்ல, நெசவாளன் பங்கு. அதை நாங்கள் யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. 'மிளகு' என்று சொல்வது இலகு. நூல் நூற்றவன் யார், எந்தச் சாதி, என்ன கூலி என்று கேட்டால் கதை நீளும்.

அதோடு, மிளகு டென்மார்க்குக்கு இந்தக் கம்பனிக்கு முன்பே வந்துவிட்டது. கொண்டுவந்தவர்கள் ஹான்சா நகரங்களைச் சேர்ந்த ஜெர்மன் வணிகர்கள். அவர்களுடைய கடைப் பணியாளர்கள் இங்கே தங்கி மிளகும் வாசனைத் திரவியமும் விற்றார்கள். பணியில் இருக்கும்வரை கலியாணம் செய்யக்கூடாது என்பது கட்டுப்பாடு. ஊரார் அவர்களுக்கு வைத்த பெயர் 'பெபர்ஸ்வென்'. பெபர் என்றால் மிளகு. ஸ்வென் என்றால் பெடியன். மிளகு விற்றவர்கள் போய்விட்டார்கள், பெயர் நின்றுவிட்டது. இன்றும் டெனிஷ் மொழியில் மணமாகாத ஆணுக்கு அதுதான் சொல். இருபத்தைந்து வயதில் மணமாகாமல் இருந்தால் நண்பர்கள் கறுவாத் தூளால் அபிஷேகம் செய்வார்கள். முப்பது வயதென்றால் மிளகு.

மருமகனுக்கு வரும் பெப்ரவரியில் முப்பது. சிரித்தான், ஆனால் முகம் கொஞ்சம் மாறியது. நான் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை. அவனுடைய தாய் போதுமான அளவு வளர்த்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இரண்டு ஆட்கள் நினைவுக்கு வருவார்கள். ஒருவன் எஸ்கில் ஆனசன் கொங்ஸ்பக்க. 1639இல் ஒரு கப்பலை அனுப்பியபின் கொப்பன்ஹேகன் தரங்கம்பாடியை மறந்துவிட்டது. இங்கே போர், கடன். 1650இல் கம்பனியும் கலைக்கப்பட்டது. டான்ஸ்போர்க் கோட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாக, 1655இல் மிஞ்சிய டேனியன் அவன் ஒருவனே. பக்கத்துக் கடலிற் போன கப்பல்களைப் பிடித்து விற்று அந்தக் காசில் மதில் கட்டினான் என்பதால் அவனைப் புனிதன் ஆக்கத் தேவையில்லை. ஆனாலும் கொடியை இறக்காமல், வேறு நாட்டுக் கப்பல்களில் கடிதம் கொடுத்துவிட்டுக் கொண்டு, தமிழர் நடுவே பதினான்கு வருடம் காத்திருந்தான். 1669 மே மாதத்தில் 'ஃபேரோ' என்ற கப்பல் வந்தது. கடற்கரையில் நின்று அது தன் நாட்டுக் கொடிதானா என்று அவன் எப்படிப் பார்த்திருப்பான் என்பதை எங்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

மற்றவர் எங்கள் ஆள். யூலாந்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். பின்னாளில் என்னோடு ஒரே வீட்டில் குடியிருந்தார். 1988இல் அவருக்கு முப்பது வயது முடிந்தபோது கூட வேலை செய்தவர்கள் ஒரு பெரிய மிளகுத் தூள் டப்பாவைப் பரிசாகக் கொடுத்து, தலையிலும் கொஞ்சம் கொட்டியிருக்கிறார்கள். அன்பாகச் செய்ததுதான். அவருக்கு யாழ்ப்பாணத்தில் மனைவியும் ஒரு பிள்ளையும் இருந்தார்கள். அதைச் சொல்ல அன்று அவரிடம் டெனிஷ் இருக்கவில்லை. தும்மினேன், அவர்கள் கைதட்டினார்கள், என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்த மனைவியைப் போன்றவர்களின் விண்ணப்பங்கள் ஏன் நகரவில்லை என்பது பிறகுதான் தெரிய வந்தது. 1987 செப்டெம்பரில், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போடும்படி அன்றைய நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன் அதிகாரிகளுக்குச் சொல்லியிருந்தார். சட்டம் அந்த உரிமையைத் தந்திருந்தது. அமைச்சர் சட்டத்தை மாற்றவில்லை, கோப்பை மட்டும் நிறுத்தினார். உச்ச நீதிமன்ற நீதிபதி மொகன்ஸ் ஹோன்ஸ்லெத்தின் விசாரணை அறிக்கை ஏறத்தாழ 6000 பக்கம். அது 1993 ஜனவரி 14இல் வெளியானது. அன்றே பிரதமர் போல் ஸ்லூற்றர் பதவி விலகுவதாக அறிவித்தார். பத்தாண்டு கால ஆட்சி விழுந்தது. அமைச்சர்களை விசாரிக்கும் தனி நீதிமன்றம் 1910க்குப் பிறகு முதன்முறையாகக் கூடி, 1995இல் நின்-ஹன்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. டெனிஷ் வரலாற்றுப் புத்தகத்தில் 'தமிழ் வழக்கு' என்று இதற்குப் பெயர். நான் வந்தது 1991இல். என் விடயம் அதற்குள் வராது. ஆனால் அறிக்கை வந்த அன்று மிளகு டப்பாக்காரர் ஒன்றும் பேசாமல் இருந்தது நினைவிருக்கின்றது. மனைவியும் பிள்ளையும் அப்போது வந்து சேர்ந்திருந்தார்கள். அப்பா யார் என்று கேட்கும் வயதைப் பிள்ளை தாண்டிவிட்டிருந்தது.

பாலத்தைக் கடந்து கிறிஸ்தியான்ஸ்ஹான் பக்கம் போனோம். அங்கே நீரோரம் 1748க்கும் 1750க்கும் இடையில் ஆசியக் கம்பனி கட்டிய பண்டகசாலை ஒன்று இருக்கின்றது. சீனத்துக்கும் தரங்கம்பாடிக்கும் கப்பல் விட்ட கம்பனி அது. 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சிறாம்பூரையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாவுக்கு ஆங்கிலேயரிடம் விற்று டேனியர் கணக்கு முடித்தார்கள். கட்டிடம் நின்றுகொண்டது. தமிழ் வழக்குக்குப் பிறகு அந்தத் தனி நீதிமன்றம் மறுபடி கூடியது 2021இல், இந்தப் பண்டகசாலைக்குள்தான். இம்முறையும் அகதிகள், இம்முறையும் தம்பதிகள்: ஒருவர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால், தனித்தனி நிலை பார்க்காமல் எல்லோரையும் பிரித்து வைக்கும்படி 2016இல் நடந்துகொண்ட அமைச்சர் இங்கர் ஸ்ரொய்பெயர். 2021 டிசம்பர் 13இல் அறுபது நாள் சிறை என்று தீர்ப்பு. நகரெங்கும் நத்தார்ச் சந்தை நடந்துகொண்டிருக்கும் காலம்.

மருமகன் அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "இது எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சது மாமா. 'தமிழ்' எண்டு வகுப்பில சொல்லேக்கை எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்கள். எனக்கு ஒண்டும் தெரியாது. வீட்டில ஒருத்தரும் சொல்லேல்லை."

நாங்கள் சொல்லவில்லைத்தான்.

இருட்டிவிட்டது, மணி நாலுகூட ஆகவில்லை. திரும்பி ஹொய்புறோவுக்கு நடந்தோம். ஒரு கொட்டிலில் அவன் ஒரு பை 'பெபர்நொடர்' வாங்கினான். மிளகுக் கொட்டை என்று பொருள். புளியங்கொட்டை அளவில் சின்னச் சின்ன உருண்டை பிஸ்கற். கறுவா, ஏலம், இஞ்சி, கொஞ்சம் வெள்ளை மிளகு. நத்தார் இரவில் இங்குள்ள பிள்ளைகள் அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு எத்தனை என்று கேட்டு விளையாடுவார்கள். விற்ற பெண் மிச்சக் காசோடு இரண்டு உருண்டை கூடப் போட்டுக் கொடுத்தாள்.

ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் பைக்குள் கையை விட்டு எடுத்து, பொத்தி என் முன்னால் நீட்டினான்.

"ஒற்றையோ இரட்டையோ?"

இதை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை. ஒற்றை என்றேன். விரித்தான். ஆறு இருந்தது.