பாகாலைக் கூப்பிட்ட பர்மிங்ஹாம்

எலியா தீர்க்கதரிசியின் கதை தெரியாத சபையார் இருக்க மாட்டார்கள். ஆகாப் ராஜா, யேசபேல், மழையில்லாத வருஷங்கள், காகங்கள் கொண்டுவந்த அப்பம், கர்மேல் பர்வதத்தில் இறங்கிய அக்கினி எல்லாம் ஞாயிறு பள்ளியிலேயே மனதில் பதிந்துவிடும். இசையமைப்பாளர் பெலிக்ஸ் மெண்டல்சன் அந்தக் கதையை ஓரட்டோரியோ ஆக்கினார். வேஷமும் திரையும் இல்லாமல், நின்ற இடத்தில் நின்றபடி பாடியே நடத்தும் வேத நாடகம் அது. தலைப்பை எலியாவுக்குக் கொடுத்த அவர், வேலையில் பெரும்பங்கை ஜனக்கூட்டத்துக்குக் கொடுத்தார். பல வருஷமாகச் சர்ச் க்வயரில் பேஸ் பாடுகிறவன் நான். இந்தப் படைப்பின் சரித்திரத்தை க்வயர் பெஞ்சிலிருந்துதான் என்னால் பார்க்க முடிகிறது. அங்கிருந்து பார்த்தால் அது ஒரு மேதையின் கதையாக மட்டும் தெரியவில்லை. பாடக் கற்றுக்கொண்ட ஒரு ஊரின் கதையாகவும் தெரிகிறது.

அந்த ஊர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். பொத்தான், பேனா முள், பூட்டு, துப்பாக்கி என்று பட்டறைகளால் பிழைத்த ஊர். அங்கே பொது மருத்துவமனைக்குப் பணம் திரட்ட 1768-இல் ஓர் இசை விழா தொடங்கினார்கள். 1784 முதல் அது மூன்று வருஷத்துக்கு ஒரு முறை நடந்தது. கூட்டம் பெருகி இடம் போதாமல் போனபோது புது மண்டபம் எழுந்தது. ரோமானியக் கோயில் மாதிரியில், சுற்றிலும் உயரத் தூண்களோடு 1834-இல் திறந்த டவுன் ஹால் அதுதான். உள்ளே வில்லியம் ஹில் செய்த பெரிய பைப் ஆர்கன். நோயாளிகளின் கட்டிலுக்கும் மருந்துக்கும் காசு தேடப் போய் ஐரோப்பாவின் பெரிய பாட்டு மேடைகளில் ஒன்று உருவானது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

மெண்டல்சன் அங்கே புதியவர் அல்ல. 1837-இல் வந்து தம்முடைய ‘பரிசுத்த பவுல்’ ஓரட்டோரியோவை நடத்தினார், ஆர்கனும் வாசித்தார். அதற்கும் முன்னால், 1829-இல் பெர்லினில், இருபதே வயதில், பாக் எழுதிய மத்தேயு பாடுகளின் இசையை மறதியிலிருந்து மீட்டு அரங்கேற்றியவர். எலியா யோசனையும் 1836-இலேயே முளைத்துவிட்டது. லண்டனில் இருந்த நண்பர் கிளிங்கமானோடு பேச்சு நடந்தது, நின்றது. பிறகு டெஸ்ஸாவ் ஊர்ப் போதகர் யூலியுஸ் ஷூப்ரிங் கைகொடுத்தார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. போதகருக்கு ஒவ்வொரு பாட்டிலும் போதனை வேண்டும். இசைக்காரருக்கு ஆட்கள் எழுந்து நின்று பேச வேண்டும், கோபப்பட வேண்டும், கெஞ்ச வேண்டும். போதகரின் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் மெண்டல்சன் விட்டுக்கொடுக்காததற்கு க்வயர்காரர்கள் எல்லாரும் நன்றி சொல்ல வேண்டும். 1845-இல் பர்மிங்ஹாம் குழு அடுத்த வருஷ விழாவுக்கு அவரை அழைத்ததும், கிடப்பில் கிடந்த எலியா மேஜைக்கு வந்தார். இசை ஜெர்மன் சொற்களுக்கு எழுதப்பட்டது. ஆங்கிலமாக்கியவர் வில்லியம் பார்த்தலமியூ. முதலில் எலியாவின் சாபம், அதற்குப் பிறகே வாத்திய முன்னிசை என்ற விசித்திரமான தொடக்கத்துக்கு அவர் சொன்ன யோசனையும் ஒரு காரணம்.

1846 ஆகஸ்ட் 23, ஞாயிறு. லண்டனிலிருந்து தனி ரயில் ஒன்று மெண்டல்சனையும் வாத்தியக்காரர்களையும் பாடகர்களையும் ஏற்றிக்கொண்டு பர்மிங்ஹாம் வந்தது. 26-ஆம் தேதி புதன்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு அரங்கேற்றம். வாத்தியக்காரர்கள் 125 பேர். க்வயரில் 271 பேர்: சொப்ரானோ 79, ஆல்டோ 60, டெனர் 60, பேஸ் 72. அந்த அறுபது ஆல்டோக்களும் ஆண்கள். இன்று நம் க்வயர்களில் அக்காமார் நிற்கும் வரிசையில் அன்று மீசைக்காரர்கள் பொய்க்குரலில் பாடினார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அந்த நாளின் ஓசை எவ்வளவு வேறாக இருந்திருக்கும் என்று பிடிபடும்.

பாகால் காட்சிக்கு வருகிறேன். கர்மேலில் பாகாலின் தீர்க்கதரிசிகள் பலியை வைத்துவிட்டு, அக்கினி கேட்டுத் தங்கள் தேவனைக் கூப்பிடுகிறார்கள். மெண்டல்சன் இதை மூன்று கோரஸாக எழுதினார். முதலாவது எட்டுக் குரலாகப் பிரிந்து, பெரிய கோயில் வழிபாடு போல நிதானமாக, நம்பிக்கையோடு நடக்கும். பதில் இல்லை. இரண்டாவது வேகம் பிடிக்கும். எலியா இன்னும் உரக்கக் கூப்பிடுங்கள் என்று ஏளனம் செய்வார். மூன்றாவதில் ராகமே உதிர்ந்துபோய்க் கூச்சல்தான் மிஞ்சும். “கேள், பதில் கொடு” என்ற அர்த்தத்தில் நூற்றுக்கணக்கான தொண்டைகள் ஒரே அடியாகக் கத்திவிட்டு நிற்கும். அப்போது வாத்தியமும் இல்லை, குரலும் இல்லை. மறுபடி ஒரு கத்தல், மறுபடி வெறுமை.

அந்த வெறுமையில் நின்றவர்களுக்குத் தெரியும், அது பாடுவதைவிடக் கஷ்டம். அடிவயிற்றுக் காற்றெல்லாம் போயிருக்கும். மூச்சு வாங்கினால் சத்தம் கேட்கும். பக்கத்தில் நிற்பவர் ஏட்டைப் புரட்டினால்கூட அது பாகாலின் பதில் ஆகிவிடும். பிறகு எலியா வாய் திறக்கும்போது அவருக்கு மெதுவான, அமைதியான ராகத்தைக் கொடுத்திருக்கிறார் மெண்டல்சன். அவரை உயர்த்திக் காட்டுவது அவருக்கு முன்னால் க்வயர் தோற்ற தோல்விதான்.

மழைக் காட்சியும் அப்படித்தான். மழை வருகிறதா என்று வேதத்தில் ஊழியக்காரன் ஏழு தரம் போய்ப் பார்க்கிறான், இங்கே அதைச் சுருக்கியிருக்கிறார். பையன் ஏறிப் பார்த்து ஒன்றுமில்லை என்று பாட, ஓபோ ஒரே ஒரு உச்ச சுரத்தை நீட்டிப் பிடிக்கும். அந்த ஒற்றைச் சுரம்தான் வறண்ட ஆகாயம். உள்ளங்கை அளவு மேகம் தெரிந்ததும் க்வயர் திறந்துகொள்ளும். வயலின்கள் வெள்ளமாக ஓட, மேலே நாலு குரலும் நன்றி சொல்லும். முதல் பாகம் அதோடு முடிகிறது. மானாவாரி பூமியில் பிறந்த எனக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்காமல் ஒரு தரமும் போனதில்லை.

அரங்கேற்றத்தில் எலியாவாகப் பாடியவர் வியன்னாவின் பேஸ் பாடகர் யோசப் ஸ்டாடிகல். நாலு கோரஸும் நாலு தனிப்பாட்டும் கேட்பவர்களின் வற்புறுத்தலால் திரும்பப் பாடப்பட்டன என்று மெண்டல்சன் தம்பி பாலுக்கு எழுதினார். ஆனாலும் அவருக்குத் திருப்தி வரவில்லை. ஊர் திரும்பியதும் பெரும்பகுதியைத் திருத்தி எழுதினார். திருத்திய வடிவம் 1847 ஏப்ரல் 16-இல் லண்டன் எக்ஸெட்டர் ஹாலில் கேட்டது. 23-ஆம் தேதி விக்டோரியா ராணியும் ஆல்பர்ட் இளவரசரும் வந்தார்கள். பாட்டுப் புத்தகத்தில் இளவரசர், பொய்க்கலையின் பாகால் ஆராதனைக்கு நடுவே உண்மையாய் நின்ற இரண்டாம் எலியா என்று மெண்டல்சனைப் புகழ்ந்து எழுதினார். புகழ்ச்சி தகும். அதில் பாதியை நான் அந்த 271 பேருக்கும் பிரித்துக் கொடுப்பேன். அந்த மே மாதம் அக்கா ஃபன்னி இறந்தார். நவம்பர் 4-இல் மெண்டல்சனும் போனார். வயது 38.

அவர் போன பிறகும் பாட்டு பரவியதற்குக் காரணம் கச்சேரி மண்டபங்களுக்கு வெளியே நடந்த வேலை. 1841-இல் ஜான் ஹல்லா எக்ஸெட்டர் ஹாலில் பள்ளி ஆசிரியர்களுக்குப் பாட்டு வகுப்பு ஆரம்பித்தார். நொவெல்லோ பதிப்பகம் பெரிய ஓரட்டோரியோக்களைக் கூலிக்காரர் வாங்கும் விலைக்கு அச்சிட்டது. நார்விச் ஊரில் சாரா குளோவர் தொடங்கிய சோல்ஃபா முறையை ஜான் கர்வன் போதகர் திருத்தி ஞாயிறு பள்ளிகளில் பரப்பினார். ஐந்து கோடும் புள்ளியும் வேண்டாம்; சுரத்துக்கு ஓர் எழுத்து, தாளத்துக்கு முக்காற்புள்ளியும் குத்துக்கோடும் போதும். மிஷனரிகள் கையில் அது கடல் கடந்தது. நான் பேஸ் படித்ததும் அந்த எழுத்துகளைப் பார்த்துத்தான். பியானோ பார்க்காத வீட்டுப் பிள்ளைகளையும் நாலு குரலில் நிறுத்திய முறை அது.

அவருடைய சொந்த நாடோ பின்னாளில் அவரை ஒதுக்கியது. 1936 நவம்பரில் லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸ் கச்சேரி மண்டபத்தின் முன்னாலிருந்த மெண்டல்சன் சிலையை நாஜிகள் அகற்றினார்கள். ஞானஸ்நானம் பெற்றவராக இருந்தும் பிறப்பால் யூதர் என்பது அவர்களுக்குக் குற்றம். பொது மேடை மறுக்கப்பட்ட பெர்லின் யூதர்கள் அந்த வருஷங்களில் தங்களுக்குள் கூடி எலியாவைப் பாடினார்கள். பஞ்சத்தையும் துரத்தலையும் பற்றிய அந்தக் கோரஸ்களை அவர்கள் எப்படிப் பாடியிருப்பார்கள் என்று யோசிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

எங்களிடம் ஆள் இல்லையே என்று தயங்கும் சின்ன க்வயர்களுக்கு ஒன்று சொல்வேன். இரண்டாம் பாகத்தில் 28-ஆம் எண்ணை எடுங்கள். 121-ஆம் சங்கீதத்தின் சொற்கள். பர்மிங்ஹாமில் அது இருவர் பாட்டாக இருந்தது. திருத்தும்போது அதை மூன்று பெண் குரலாக்கி, வாத்தியத்தையே எடுத்துவிட்டார் மெண்டல்சன். சுருதி இறங்காமல் பாட நல்ல பயிற்சி வேண்டும். வாரத்தில் இரண்டு மாலை ஒதுக்கினால் போதும்.