ஜூ டவுன் தெருவும் எளியோர் கைக் காமிராவும்

மட்டாஞ்சேரி அரண்மனையை அடுத்துள்ள குறுகிய தெருவினை ஜூ டவுன் என்று கொச்சியில் அறியாதார் இலர். 1568ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற பரதேசி யூதர் ஆலயமும், பதினெட்டாம் நூற்றாண்டில் அதனோடு சேர்ந்த மணிக்கூண்டும் அத்தெருவின் தலையில் நிற்கின்றன. மிளகும் சுக்கும் மணந்த பண்டகசாலைகள் பலவும் இன்று பழம்பொருட் கடைகளாயின. 1948இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின்னர் கொச்சி யூதருள் பெரும்பாலோர் ஆங்குக் குடிபெயர்ந்தனர். தங்கிய சிலருள் ஒருவராகிய சாரா கோஹன் அம்மையார், தம் வீட்டு முகப்பிலேயே பூத்தையற் கடை நடத்தி வந்தவர், 2019இல் தமது 96ஆம் அகவையில் மறைந்தார். ஆலயத்தின் பொறுப்பை ஏற்று நடத்திய குவீனி ஹலேகுவா அம்மையாரும் 2024இல் மறைந்தார். சாரா அம்மையாருக்கும் அவர்தம் முதுமையில் துணைநின்ற இசுலாமியக் குடும்பத்தாருக்கும் இடையே நிலவிய நட்பினைப் பொருளாகக் கொண்டு 'சாரா தாஹா தௌபீக்' என்னும் விவரணப் படமொன்று எடுக்கப்பெற்றது. அப்படம் இல்லையேல் அவ்வம்மையாரின் குரலும் சிரிப்பும் பின்வருவோர்க்கு எவ்வளவு எட்டியிருக்கும் என்று நாம் பலகால் எண்ணியதுண்டு.

இதனை ஈண்டு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நம் சங்கத்து இளைஞர் சிலர் சென்ற ஆண்டுவிழா முடிந்தவுடன் எம்மை அணுகி, "ஐயா, குறைந்த செலவில் நாமே ஒரு படம் எடுக்க வேண்டும், எந்தக் காமிரா வாங்கலாம்?" என்று வினவினர். போர்ட் கொச்சி வெளியில் உள்ள தோபிகானாவில் தலைமுறை தலைமுறையாகச் சலவைத் தொழில் புரியும் நம் தமிழ்க் குடும்பங்களைப் பற்றியது அவர்கள் எடுக்க விரும்பிய படம். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடைகளை வெளுப்பதற்காக முன்னோர் அழைத்து வரப்பட்டனர் என்பது அக்குடும்பங்களில் வழங்கிவரும் செய்தி. அதனைச் சொல்லும் முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

எமக்கும் இதில் ஒரு பட்டறிவு உண்டு. அதனை வெட்கத்தோடுதான் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் அம்முதியவருள் ஒருவரை, ஒரு நல்ல காமிராவை இரவல் வாங்கி, ஒரு பிற்பகல் முழுதும் பதிவு செய்தோம். படம் கண்ணாடிபோல் விளங்கிற்று. ஒலியோ, காமிராவிலேயே பொருத்தியிருந்த சிறு மைக்கை நம்பியதால், ஆட்டோக்களின் இரைச்சலும் காற்றின் சீற்றமுமாயிற்று. மீண்டும் எடுக்கலாம் என்றிருந்தோம். அடுத்த மழைக்காலத்தில் அவர் காலமானார். இன்று அப்பெரியவர் வாயசைப்பதை மட்டும் பார்க்கலாம். சொன்னது என்னவென்று கேட்க இயலாது.

ஆகவே இளைஞர்தம் வினாவுக்கு ஒரு கருவியின் பெயரை மட்டும் விடையாகத் தர எமக்கு மனம் வரவில்லை. பொருள்வளம் இல்லாதார் படமெடுத்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தோம்.

தென்னாட்டில் முதற்கண் கதைப்படம் எடுத்தவராகிய ஆர். நடராஜ முதலியார் புதுக் காமிரா வாங்கியவர் அல்லர். மோட்டார் உதிரிப்பொருள் வணிகத்தில் இருந்த அவர், தஞ்சையைச் சார்ந்த செல்வர் ஒருவரிடமிருந்து வில்லியம்சன் காமிரா ஒன்றைப் பழையதாகவே வாங்கி, 'கீசகவதம்' எடுத்தார். மலையாளத்தின் முதற் படமாகிய 'விகதகுமாரன்' எடுத்த ஜே. சி. டேனியல் நம் குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர். நிலத்தை விற்றுப் பணம் திரட்டிப் படத் தொழிலில் இறங்கி, அனைத்தையும் இழந்து, 1975இல் அவ்வூரிலேயே மறைந்தார். இன்று கேரள அரசு அவர் பெயரால் விருது வழங்குகிறது. அவரிடம் நிலம் இருந்தது, விற்றார். இல்லாதார் என் செய்வது?

அதற்கு விடை கண்டவர் ஜான் ஆபிரகாம். 1977இல் 'அக்கிரகாரத்தில் கழுதை' என்னும் தமிழ்ப் படத்தை எடுத்துத் தேசிய விருது பெற்ற அதே ஜான்தான். 1984இல் தோழர்களோடு 'ஒடேஸா' என்னும் குழுவினை அமைத்து, ஊர் ஊராகச் சென்று சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரையிட்டு, பொதுமக்களிடம் சிறுசிறு தொகைகளாக நிதி திரட்டினார். அவ்வாறு எழுந்த 'அம்ம அறியான்' 1986இல் வெளிவந்தது. வயநாட்டில் இறந்து கிடந்த இளைஞன் ஒருவனின் செய்தியை, கொச்சியிலுள்ள அவன் தாயிடம் சேர்ப்பிக்கச் சிலர் புறப்படுவதும், வழியெல்லாம் ஆட்கள் வந்து சேருவதும் அதன் கதை. படம் வந்து முடிவது நம் ஊரில்தான்.

அக்காலத்துச் செலவு எங்கே இருந்தது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. 35 மில்லிமீட்டர் பிலிம் நிமிடத்திற்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடிச் சுருள் பதினொரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரண்டு மணி நேரப் படத்திற்கு 10,800 அடி. ஒவ்வொரு காட்சியையும் நான்கு முறை எடுத்தால் 43,200 அடி. வாங்கும் விலையோடு கழுவும் கூலியும் பிரதி எடுக்கும் கூலியும் சேரும். காமிராவையோ வாடகைக்குப் பெறலாம். ஓடிய பிலிமை எவரும் திருப்பி வாங்கிக்கொள்ளார். எனவே ஏழைக் கலைஞனை அழுத்திய சுமை காமிரா அன்று. அதனுள் ஓடிய சுருளே என்பது எம் கருத்து. டிஜிட்டல் காமிரா செய்த பேருபகாரம் அச்சுருளை ஒழித்ததே.

ஆனால் தொடக்கத்தில் அக்கருவியும் எளியோர்க்கு எட்டவில்லை. 2004இல் பி. சி. ஸ்ரீராம் 'வானம் வசப்படும்' படத்தை டிஜிட்டலில் எடுத்தார். 2007இல் வந்த ரெட் ஒன் காமிராவின் உடற்பகுதி மட்டுமே 17,500 டாலர். திருப்பம் வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. 2008இல் கேனன் நிறுவனத்தார் தம் புகைப்படக் காமிராவான 5டி மார்க் 2இல் வீடியோ எடுக்கும் வசதியையும் வைத்தனர். விலை 2,699 டாலர். மறு ஆண்டு வந்த 7டி 1,699 டாலர். நிருபர்களுக்காகச் சேர்த்த வசதியைச் சினிமாக்காரர் கைப்பற்றிக்கொண்டனர். காரணம் அதன் உணர்தகட்டின் பரப்பு. அந்நாளைய கைவீடியோக் காமிராக்களில் அத்தகடு நகத்தளவே. 7டியில் 22 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், அஃதாவது சினிமா பிலிமின் சட்டத்திற்குக் கிட்டத்தட்ட இணை. ஆகவே முகம் தெளிந்து பின்புலம் மங்கும் சினிமாத் தோற்றம் கிட்டியது. வேடிக்கை ஒன்று: அக்காமிராவில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளராதாகையால், ஏறக்குறையப் பன்னிரண்டு நிமிடத்தில் பதிவு நின்றுவிடும். பழைய பிலிம் சுருளின் அளவு!

அந்த 7டியைக் கொண்டே சமீர் தாஹிர் 2011இல் கொச்சியைக் களமாக்கிச் 'சாப்பா குரிசு' எடுத்தார். பூவா தலையா என்பதற்குரிய இவ்வூர் வழக்கு அப்பெயர். சாப்பா என்னும் சொல்லுக்கு மட்டாஞ்சேரியில் கொடிய நினைவொன்றும் உண்டு. துறைமுகத்தில் வேலைக்கு வந்தோர் கூட்டத்தினிடையே கங்காணிகள் வீசியெறிந்த உலோக வில்லையே சாப்பா; அடித்துப்பிடித்து அதனைப் பெற்றவனுக்கே அன்றைய கூலி. அம்முறையை எதிர்த்தெழுந்த தொழிலாளர்மீது 1953 செப்டம்பர் 15இல் இங்குத் துப்பாக்கிச் சூடு நடந்தது. 2023இல் வெளிவந்த ராஜீவ் ரவியின் 'துறமுகம்' அதனைப் பேசுகிறது. நம் தமிழகத்திலோ, 2012இல் பாலாஜி சக்திவேல் அதே 7டியைக் கொண்டு 'வழக்கு எண் 18/9' எடுத்தார். விஜய் மில்டன் ஒளிப்பதிவு செய்த அப்படம் சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருது பெற்றது. விருதுக் குழுவினர் காமிராவின் விலையைக் கேட்டிரார் என்றே நம்புகிறோம்.

2015இல் அமெரிக்காவில் 'டேஞ்சரின்' என்னும் முழுநீளப் படம் ஐபோனில் எடுக்கப்பெற்றுத் திரையரங்குகளில் ஓடிற்று. இனிக் காமிரா கிட்டவில்லை என்று எவரும் வாளாவிருக்க வேண்டுவதில்லை.

அவ்வாறாயின் கையிலுள்ள சிறு தொகையை எதில் இடுவது? இளைஞர்களை அழைத்துக்கொண்டு ஜூ டவுனில் ஒரு காலைப்பொழுது நடந்தோம்; தெருவே பலவற்றைக் கற்பித்தது.

முதலாவது, அத்தெரு குறுகியது. பின்வாங்கி நிற்க இடமில்லை. மலிவாகக் கிடைக்கும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் 7டி போன்ற காமிராவில் 80 போலக் காட்டும். கடைக்காரரின் முகம் அடங்கும், கடை அடங்காது. 24 அல்லது 28 வேண்டும். பழைய நிக்கான் லென்ஸுகளும், திருகு மறையுள்ள பழைய பென்டாக்ஸ் லென்ஸுகளும், ஓர் இணைப்பு வளையம் இட்டால் கேனனில் பொருந்தும். குவியத்தைக் கையால் திருப்ப வேண்டும். அது குறையன்று, பயிற்சி. ஆனால் கொச்சியின் ஈரக்காற்றில் லென்ஸினுள் பூஞ்சை படரும். பழையதை வாங்குமுன் டார்ச் விளக்கொளியில் பிடித்து உள்ளே நூலாம்படைபோல் ஏதேனும் உண்டா என்று பார்த்தல் இன்றியமையாதது. வாங்கிய பின், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்தல் வேண்டும்.

தெருவின் ஒரு பக்கம் வெயில் எரிக்கும். கடையின் உள்ளே இருள். நம் நாட்டு மின்சாரம் 50 சுழற்சி. ஷட்டரை ஐம்பதில் ஒரு வினாடியாக வைத்தால்தான் குழல்விளக்கு துடிக்காமல் படம் அமையும். அதே வேகத்தோடு வெயிலில் இறங்கினால் படம் வெளுத்துப்போம். என்.டி. பில்டர் எனப்படும் சாம்பல் நிறக் கண்ணாடியை முன்னே திருகினால் அத்தொல்லை தீரும். புதுக் காமிராவுக்கு ஏங்குவோர் பலர் இச்சிறு கண்ணாடியை மறந்துவிடுகின்றனர். ஓட்டுக்கூரையையும் கட்டம்போட்ட கைலியையும் எடுக்கும்போது 7டியின் காலத்துக் காமிராக்கள் அலையலையான பொய்க்கோடுகளைக் காட்டும்; விரைந்து திருப்பினால் தூண்கள் சாயும். கால்மூன்றுள்ள உறுதியான தாங்கியும் சற்றுப் பொறுமையும் இவற்றிற்கு மருந்து.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒலி. எம் கதையை மேலே சொன்னோம். சட்டையில் செருகும் சிறு மைக்கும், தனியே ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் வாங்கி, ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஒருமுறை கைதட்டினால், அத்தட்டலைக் கொண்டு படத்தையும் ஒலியையும் பின்னர் பொருத்திக்கொள்ளலாம். இளைஞருள் ஒருவர், "காமிராவை இரவல் வாங்கி மைக்கை விலைக்கு வாங்கச் சொல்கிறீர்களா?" என்று நகைத்தார். ஆம், அதுவே எம் ஆலோசனை.

இன்னும் ஒன்று. 'கீசகவதம்', 'விகதகுமாரன்' இரண்டின் பிரதியும் இன்று இல்லை. டிஜிட்டல் பதிவோ பிலிமைவிட எளிதில் அழியும். ஒரு வன்தட்டு பழுதாயின் ஓராண்டு உழைப்பும் போகும். எடுத்த அன்றிரவே இரண்டு பிரதிகள் செய்து இரண்டு வெவ்வேறு இல்லங்களில் வைக்குமாறு கூறினோம்.

ஒலிப்பதிவுக் கருவியும் இரண்டு மைக்குகளும் சங்க உறுப்பினர் அளித்த நன்கொடையில் வாங்கப்பெற்றன. காமிரா நம் காலனி அன்பர் ஒருவரின் பழைய 7டி. தோபிகானாவில் அகவை முதிர்ந்த அம்மையார் ஒருவர் பேச இசைந்துள்ளார். இஸ்திரி வேலை முடிந்து நாலு மணிக்கு மேல்தான் வரவேண்டும் என்றும், தாம் பேசும்போது எவரும் குறுக்கிடலாகாது என்றும் அவர் சொல்லியனுப்பியிருக்கிறார்.