வற்றாப்பளைக்கு வந்த வேற்றுலகப் பெண்

மனித ஆற்றலைக் கடந்த பெண்ணொருத்தி வேற்றுலகிலிருந்து மண்ணுலகிற்கு வருவதாகக் கூறும் கதைகள் பல சமுதாயங்களிலும் வழங்குகின்றன. அமெரிக்கச் சித்திரக்கதைகளில் 1964 ஆம் ஆண்டு அறிமுகமான கிளியா என்னும் மந்திரக்காரி இருள் உலகைச் சேர்ந்தவள். அவள் எழுத்தாளரும் ஓவியரும் படைத்த கற்பனைப் பாத்திரம். வன்னியிலோ அத்தகையவள் ஒருத்தி ஊர் மக்களின் வழிபாட்டிலே வாழ்கின்றாள். முல்லைத்தீவு மாவட்டத்து நந்திக்கடற் களப்பின் கரையிலே கோயில்கொண்ட வற்றாப்பளைக் கண்ணகியே அவள்.

சிலப்பதிகாரத்தில், மதுரையை எரித்த கண்ணகி சேரநாட்டு மலையை அடைந்து விண்ணுலகு செல்கின்றாள். அக்காட்சியை முதலிற் கண்டோர் குறவர். எனினும் கதை விரைவில் அரசர் கைக்கு மாறுகின்றது. செங்குட்டுவன் கோயில் எடுக்கின்றான். இலங்கைக் கயவாகுவும் அவ்விழாவிற் கலந்துகொள்கின்றான்.

வன்னி மக்களின் ஐதிகம் வேறு வழியிற் செல்கின்றது. மதுரையை நீங்கிய கண்ணகி இலங்கையிற் பத்தாவதாகத் தங்கிய இடமே 'பத்தாம் பளை'. அதுவே வற்றாப்பளை ஆயிற்று என்பர். அங்கு அவள் பசித்த மூதாட்டியாக வந்து மாடு மேய்க்கும் சிறுவரிடம் உணவு கேட்டாள். சிறுவர் பொங்கல் சமைத்தனர். விளக்கேற்ற எண்ணெய் இல்லாதபோது கடல்நீரை ஊற்றுமாறு கூறினாள், விளக்கு எரிந்தது. அவளது தலையில் பேன் பார்த்த சிறுவர் தலை முழுவதும் கண்களைக் கண்டு அஞ்சினர், அவளும் மறைந்தாள்.

இவ்விரு கதைகளுக்குமிடையேயுள்ள வேறுபாடு ஊன்றி நோக்கற்பாலது. காப்பியத் தெய்வம் மேலே செல்கின்றது. வன்னித் தெய்வமோ கால்நடையாக இறங்கி வந்து பசியென்று நிற்கின்றது. எண்ணெயற்ற எளிய மக்களின் இல்லாமையே இங்கு அற்புதத்தின் களமாகின்றது. இக்கதையில் அரசனும் இல்லை, புரோகிதனும் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் (1822–1879) கண்ணகியைச் சமண வணிகப் பெண் எனக் கொண்டு அவ்வழிபாட்டை மறுத்தார். யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் சில இராசராசேசுவரி, புவனேசுவரி முதலிய பெயர்களைப் பெற்றன. வற்றாப்பளையில் கண்ணகி கண்ணகியாகவே நிலைத்தாள். இங்கு வழிபாடு நூலை மட்டும் சார்ந்து நில்லாது, ஊர்கள் கூடிச் செய்யும் சடங்கிலும் வேரூன்றியிருந்தமை இதற்கொரு காரணம் எனலாம். சிலாவத்தைக் கடலில் எடுக்கப்படும் தீர்த்தத்தால் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரிக்கின்றனர். அதன்பின் வைகாசித் திங்கட்கிழமையில் வற்றாப்பளைப் பொங்கல் நிகழ்கின்றது. மேய்ச்சல் நிலம், கடல், ஊர் ஆகிய மூன்றும் இச்சடங்கிலே ஒன்றுசேர்கின்றன.

2009 மே மாதத்தில் இறுதிப் போர் இந்நந்திக்கடல் அருகிலேயே முடிவுற்றது. உயிர்தப்பிய மக்கள் பல்லாயிரவர் செட்டிகுளத்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். மீண்டு வந்தோர் அதே களப்பின் கரையில் மீண்டும் பொங்கினர். அனைத்தையும் இழந்து பசியோடு நிற்றல் இன்னதென அவர்கள் அறிவர்; அவ்வாறே வந்து நின்ற தெய்வத்தின் கதை அவர்களுக்கு வெறும் பழங்கதையன்று. எண்ணெய் இல்லாவிடத்தும் விளக்கு எரியும் என்னும் நம்பிக்கையே இவ்வைதிகம் வன்னிக்கு வழங்கிய வரலாற்றுச் செல்வமாகும்.