பாய்மரம் இழந்த கப்பல்

மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தை மணற்றிடர் மறித்தலின், பெருங்கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டன. பழுதுற்ற கப்பலுக்கோ அலையடங்கிய துறை வேண்டும். தளத்தை ஊடுருவி அடிக்கட்டைவரை இறங்கி நிற்கும் பாய்மரத்தை ஆடுங்கடலில் நாட்டுதல் அரிது. வடக்கேயுள்ள கொட்டியாரக்குடா அத்தகைய அமைதி வாய்ந்தது.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்திற் புயல் வீசியபோது, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'ஆன்' என்னும் கப்பல் தன் பெரும் பாய்மரத்தை வெட்டி வீழ்த்தியே பிழைத்தது. புதுமரம் நாட்டவும், அதற்கிடையில் வாணிகம் செய்யவும் அது கொட்டியாரத்துக்கு அனுப்பப்பட்டது.

அக்காலத்துக் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன். அவன் 1638இல் மட்டக்களப்பில் ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தவன்; போர்த்துக்கேயரை அகற்ற வந்தவர்களே கோட்டைகளைத் தமதாக்கிக்கொண்டமையைக் கண்டவன். திருமுகமும் கையுறையுமின்றி வந்திறங்கிய அந்நியரை அவன் ஐயுற்றதில் வியப்பில்லை. 1660இல் கப்பற்றலைவரும் அவர் மைந்தர் றொபேட் நொக்சும் உட்பட 16 பேர் சிறைப்பட்டனர். கப்பல் அவர்களின்றியே மீண்டது.

தந்தையார் கண்டி நாட்டிலேயே மறைந்தார். மைந்தர் 1679இல் தப்பி, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலங்கை பற்றிய தமது நூலை வெளியிட்டார். பாய்மரம் ஒன்றின் பழுது பலரது வாழ்வைச் சிதைத்தது. எனினும் அக்காலக் கண்டி மக்களின் வாழ்க்கையை அறிதற்கு அரியதோர் சான்று அதனாற் கிடைத்தது.