மவுண்ட் வெர்னன் இல்லம்

மவுண்ட் வெர்னன், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பொட்டோமாக் ஆற்றங்கரையில் உள்ள ஜார்ஜ் வாஷிங்டனின் குடும்ப வீடு. 1734 அளவில் தந்தை கட்டிய சிறிய வீட்டை வாஷிங்டன் இருமுறை பெரிதாக்கிக் கட்டினார். 1799இல் இங்கேயே இறந்தார். பிறகு வீடு உறவினர் கைகளுக்கு மாறி மாறிப் போயிற்று. நிலத்தின் வருமானம் குறைந்தது, பார்க்க வருவோர் கூட்டம் பெருகியது, பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகவில்லை. குடும்பத்தின் கடைசி உரிமையாளர் நடுவண் அரசுக்கும் மாநில அரசுக்கும் விற்க முன்வந்தும் பலிக்கவில்லை. ஆற்றைப் பார்த்த தாழ்வாரத்தின் கூரைக்குக் கப்பலின் பாய்மரத் தண்டுகளை முட்டுக் கொடுக்கும் நிலை வந்தது. 1853இல் தென் கரோலினாவைச் சேர்ந்த ஆன் பமேலா கன்னிங்காம் வீட்டைக் காக்கப் பெண்களைத் திரட்டி ஒரு சங்கம் தொடங்கினார். 1858இல் வீட்டையும் சுமார் 200 ஏக்கர் நிலத்தையும் 2,00,000 டாலருக்கு வாங்க ஒப்பந்தமாயிற்று. 1860இல் வீடு சங்கத்தின் பொறுப்புக்கு வந்தது. இன்றும் அதை நிர்வகிப்பது அந்தச் சங்கமே.

கூரையைத் தூக்கி நிறுத்தியதோடு வேலை முடிவதில்லை. அங்கே வாழ்ந்த அனைவரும் கணக்கில் சேரும்வரை ஒரு குடும்ப வீடு பொதுச்சொத்தாவதில்லை. மவுண்ட் வெர்னனில் முதல் வேலைக்கு ஏழாண்டுகள் போதுமாயிருந்தன. இரண்டாவது வேலைக்கு நூறாண்டுக்கு மேல் பிடித்தது. தூரத்தில் கல்லாகத் தெரியும் வெளிச்சுவர், நெருங்கிப் பார்த்தால் பைன் மரப் பலகை. பலகையின் ஓரங்களைச் சரித்துச் செதுக்கி, ஈரம் காயாத வண்ணத்தின் மேல் மணலை வீசிக் கல்லின் சொரசொரப்பைக் கொண்டுவந்திருக்கிறார்கள். வரலாற்றையும் அப்படி நெருங்கிப் பார்த்தால், இந்த வீட்டை எழுப்பிய கைகளில் அடிமைகளின் கைகளும் உண்டு. அவர்களைப் புதைத்த இடம் வாஷிங்டன் கல்லறைக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே 1929இல் சங்கம் ஒரு கல்வெட்டு வைத்தது. ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் வடிவமைத்த நினைவுச்சின்னம் 1983இல்தான் எழுந்தது.

அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரான வாஷிங்டனைப் போற்றும் இடத்தில் அடிமைக் கணக்கைப் பேசினால் அவர் பெருமை குறையும் என்பார் உண்டு. அந்தக் கணக்கை எழுதி வைத்தவரே அவர்தான். 1799இல் அவர் தம் கைப்பட எழுதிய பட்டியலில் 317 பேர் இருக்கிறார்கள். அவர்களில் தமக்கு உடைமையான 123 பேரை விடுவிக்கும்படி உயில் எழுதினார். மனைவியின் முதல் கணவர் குடும்பத்துக்கு உரியவர்களை விடுவிக்கச் சட்டம் இடம்தரவில்லை. பட்டியலை மறைத்தால் உயிலும் விளங்காது. சங்கம் வீட்டை 1799இல் இருந்த நிலைக்குத் திருப்பியது பிற்கால வரலாற்றை அழிப்பதாகாதா என்னும் மற்றொரு கேள்வியில் நியாயம் அதிகம். ஓர் அறை எல்லாக் காலத்தையும் ஒருசேரக் காட்டாது. ஏதேனும் ஓர் ஆண்டைத் தேர்ந்தே ஆகவேண்டும். தேர்ந்தபின், விடுபட்டதைச் சொல்லும் கடமையும் சேர்ந்தே வருகிறது. அடுத்து உரிமையாளரான புஷ்ராட் வாஷிங்டன் 1821இல் 54 அடிமைகளை விற்றார். 1799ஆம் ஆண்டின் அறைகளில் அந்த விற்பனைக்கு இடமில்லை. வழிகாட்டியின் பேச்சில் இடம் இருந்தாக வேண்டும்.